அடுப்படியில் நிற்பவரும் படம் பார்க்க வேண்டும்: விடுமுறை சினிமா விருந்துக்கு ஐந்து வழிகள்

கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா டிசம்பர் 3-ல் முடிந்ததும் குமரி மாவட்டத்து வீடுகளில் ஆள் கூடத் தொடங்கிவிடும். அரையாண்டுப் பரீட்சை முடித்த பிள்ளைகள், வெளியூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்ப்பவர்கள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று வரிசை நீளும். அதில் ஏதாவது ஓர் இரவில் எல்லாரும் சேர்ந்து ஒரு படம் பார்ப்போம், சாப்பாடும் அந்தப் படத்துக்கு ஏற்றமாதிரி இருக்கட்டும் என்ற பேச்சு வரும். பேச்சு நல்லதுதான். நடப்பது பெரும்பாலும் வேறு. படம் கூடத்தில் ஓடும், அம்மாவோ மைனியோ அடுப்படியில் நிற்பார்கள், குக்கர் விசிலில் பாதி வசனம் போய்விடும்.

எனவே எந்தப் படம், எந்தச் சாப்பாடு என்று ஒப்பிடும்போது ருசியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியவை மூன்று. படம் ஓடும் நேரத்தில் சமைப்பவர் எத்தனை நிமிடம் எழுந்து போக வேண்டியிருக்கும்? விளக்கை அணைத்த கூடத்தில், தட்டைப் பார்க்காமல் அதைச் சாப்பிட முடியுமா? படத்தில் அந்தச் சாப்பாடு எப்போது வருகிறது? மூன்றாவதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். படம் முடியப்போகும் நேரத்தில் வரும் பதார்த்தத்துக்காக ஏழு வயதுப் பிள்ளை ஒன்றரை மணி நேரம் பசியோடு காத்திருக்காது.

கீழே உள்ள அளவுகள் எல்லாம் எட்டுப் பேருக்கு. மூத்தவர்கள் இரண்டு, நடுவயதில் மூன்று, பிள்ளைகள் மூன்று என்று கணக்கு.

முதல் வழி: ‘மாயாபஜார்’, புளியோதரையும் லட்டும்

தமிழில் சாப்பாட்டுப் படம் என்றதும் நினைவுக்கு வருவது 1957-ல் வந்த ‘மாயாபஜார்’தான். கடோத்கஜனாக எஸ்.வி.ரங்காராவ் கல்யாண வீட்டுச் சமையலை ஒற்றை ஆளாகக் காலி செய்வதும், லட்டுகள் தாமாகவே அவர் வாய்க்குள் போவதும் இன்றைய பிள்ளைகளையும் சிரிக்க வைக்கும். அதனால் பலர் செய்யும் முதல் தப்பு, முழு இலைச் சாப்பாட்டில் இறங்குவது. நாஞ்சில் நாட்டுக் கல்யாண இலை என்றால் பருப்பும் நெய்யும், சாம்பார், அவியல், எரிசேரி, துவரன், பச்சடி, உப்பேரி, சர்க்கரை வரட்டி, பப்படம், அதன்மேல் இரண்டு பாயாசமாவது. எட்டுப் பேருக்கு இதைச் சமைக்க இரண்டு பேருக்கு ஒரு பகல் முழுக்கப் போகும். பரிமாற ஒருவர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். இலையை மடியில் வைத்துச் சாப்பிட முடியாது; தரையில் உட்கார்ந்தால் பார்வை இலையில் இருக்கும், படம் தலைக்கு மேலே ஓடும். அவியல் எது எரிசேரி எது என்று இருட்டில் தெரியாது.

படமே வழி காட்டுகிறது. கடோத்கஜன் பாடும் ‘கல்யாண சமையல் சாதம்’ பாட்டில் பெயர் சொல்லிப் புகழப்படுபவற்றில் புளியோதரை ஒன்று. மூன்று நாளுக்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடக்கூடிய சாப்பாடு அது. 100 கிராம் பழைய புளியை ஊறவைத்துக் கெட்டியாகக் கரையுங்கள். 150 மில்லி நல்லெண்ணெயில் கடுகு, 12 மிளகாய் வத்தல், மூன்று மேசைக்கரண்டி கடலைப்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துப் புளியை ஊற்றி, எண்ணெய் மேலே பிரியும் வரை காய்ச்ச வேண்டும். வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு தேக்கரண்டி, மல்லி இரண்டு மேசைக்கரண்டி கடைசியில். ஆறியதும் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து வைத்தால் படம் பார்க்கும் நாளில் சோறு வடிப்பது மட்டும்தான் வேலை. நிலக்கடலையை மட்டும் அன்றைக்கே வறுத்துச் சேருங்கள். முன்கூட்டிப் போட்டால் நமத்துவிடும்.

இங்கே ஓர் உள்ளூர் எச்சரிக்கை. நம் வீடுகளில் அன்றாடம் பொங்கும் சம்பா அரிசிச் சோறு புளியோதரைக்கு ஆகாது. அதன் பருமனான, மெத்தென்ற பருக்கை புளிக்காய்ச்சலை வெளியே நிறுத்திவிடும். வாயில் புளி தனியாக, சோறு தனியாக நிற்கும். பொன்னிப் புழுங்கல் ஒரு கிலோ எடுத்து, ஒரு விசில் குறைவாக வேகவைத்து, அகலத் தாம்பாளத்தில் பரப்பி, இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே கலக்க வேண்டும். ஆவி பறக்கும்போது கலந்தால் குழைந்து களியாகும். கலந்து ஒரு மணி நேரம் ஊறினால்தான் ருசி என்பதால், ஆறு மணிப் படத்துக்கு ஐந்து மணிக்குள் கலந்து முடித்திருக்கும்படி வருகிறது. அதாவது சமைப்பவர் படத்தின் முதல் காட்சியிலிருந்தே கூடத்தில் இருக்கலாம்.

பரிமாற தொன்னை நல்லது. ஒரு கையில் பிடித்து மறு கையால் சாப்பிடலாம், சிந்தாது. லட்டைச் செய்யப் போகாதீர்கள், கடையில் வாங்குங்கள். பூந்திக் கரண்டி, பாகுப் பதம் என்று ஆரம்பித்தால் அது தனி நாள் வேலை. சிறிய லட்டாக இருபத்துநான்கு வாங்கி ஒளித்து வைத்து, கடோத்கஜன் சாப்பிடும் காட்சியில் மட்டும் வெளியே எடுங்கள். அந்தக் காட்சி படத்தின் பிற்பாதியில்தான் வருகிறது. படமோ ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடுவது. எனவே சோற்றைப் படத்தின் முதல் மணி நேரத்திலேயே கொடுத்துவிட்டு, லட்டை அந்த இடத்துக்கு வைத்துக்கொள்வதுதான் சரி. இரண்டையும் சேர்த்துப் பிந்திக் கொடுத்தால் பிள்ளைகள் அதற்குள் சிப்ஸ் தின்று வயிற்றை அடைத்திருப்பார்கள்.

சபரிமலைக்கு மாலை போட்டவர் இருக்கும் வீட்டுக்கும், மார்கழியில் மீன் வாங்காத வீட்டுக்கும் வேறு யோசனையே வேண்டாம், இதுதான்.

இரண்டாம் வழி: ‘முள்ளும் மலரும்’, நேற்றைய மீன் குழம்பும் மரச்சீனியும்

மகேந்திரன் இயக்கி 1978-ல் வந்த படம். சாப்பாட்டு ஆசையை மறைக்கத் தெரியாத மங்கா என்ற பெண் பாடும் பாட்டில் நேற்று வைத்த மீன் குழம்பைப் பற்றி ஓர் ஏக்கம் வரும். குமரிக்காரர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சட்டியில் ஓர் இரவு கிடந்த குழம்பில் புளியும் உறைப்பும் மீனுக்குள் இறங்கியிருக்கும். நம் கேள்விக்கும் இதைவிடப் பொருத்தமான பதில் கிடைக்காது: விருந்துக்கு முந்திய நாளே சமைத்தாக வேண்டிய ஒரே சாப்பாடு இது.

ஆனால் எல்லா மீன் குழம்பும் மறுநாள் தாங்காது. பச்சைத் தேங்காய் அரைத்து வைக்கும் குழம்பு நம் ஊர் வெக்கையில் காலைக்குள் புளித்துப் பொங்கிவிடும். அரைத்த தேங்காயில் இருக்கும் ஈரமும் இனிப்பும்தான் காரணம். முந்திய நாள் வைப்பதென்றால் வறுத்தரைத்த குழம்பாக இருக்கட்டும். பெரிய தேங்காய் ஒன்றைத் துருவி, 10 சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), கறிவேப்பிலை, அரைத் தேக்கரண்டி மிளகு சேர்த்து, இளந்தீயில் பதினைந்து இருபது நிமிடம், காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை கைவிடாமல் வறுக்க வேண்டும். அடுப்பை அணைத்த பிறகு, சட்டியின் சூட்டிலேயே நான்கு மேசைக்கரண்டி மல்லித்தூள், இரண்டு மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி மஞ்சள். தீ எரியும்போது தூளைப் போட்டால் கருகிக் கசக்கும். கசந்த குழம்பைத் திருத்த வழியில்லை. முதலில் தண்ணீர் விடாமல் எண்ணெய் கசியும்வரை அரைத்து, பிறகு தண்ணீர் விட்டு வெண்ணெய்போல அரையுங்கள். 50 கிராம் புளி, இரண்டு முருங்கைக்காய், இன்னும் பத்து உள்ளி, பச்சை மிளகாய் நான்கு. கூட்டு கொதித்துப் பதினைந்து நிமிடம் ஆன பிறகே மீன். மீன் போட்டபின் எட்டிலிருந்து பத்து நிமிடம் போதும், கரண்டி போடக்கூடாது, சட்டியின் விளிம்பைத் துணியால் பிடித்துச் சுழற்றி விடுங்கள்.

மீன் எது என்பதில்தான் விருந்து நிற்பதும் விழுவதும். சாளை ருசிக்கு முதலிடம், ஆனால் முள். அரையிருட்டில், கண் திரையில் இருக்கும்போது முள் மீனைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது தொண்டைக்கு ஆபத்து. மறுநாள் சுட வைக்கும்போது சாளை உடைந்தும் போகும். நெத்தோலி கரைந்தே போய்விடும். சூரை மறுசூட்டில் மரக்கட்டையாகும். நெய்மீன் அல்லது பெரிய பாரையை ஒரு விரல் கனத்துக்குத் துண்டு போட்டு வாங்குங்கள், சுத்தம் செய்தபின் ஒன்றேகால் கிலோ வர வேண்டும். நடுமுள் ஒன்றுதான், விரலில் தட்டுப்படும்.

வாங்கும் நாளும் முக்கியம். நம் கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸ் அன்றும் கடலுக்குப் போவதில்லை. ஆகவே 25, 26 தேதிகளில் சந்தையில் கிடைப்பது ஐஸில் கிடந்த மீனாகத்தான் இருக்கும், விலையும் ஏறியிருக்கும். 26-ம் தேதி இரவு படம் என்றால் 24-ம் தேதியே வாங்கி, சுத்தம் செய்து, உப்பும் மஞ்சளும் தடவி உறைய வைத்துவிட்டு, 25 மாலையில் குழம்பு வையுங்கள்.

குழம்பு ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள், ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மண்சட்டியோடு வைத்தால் மறுநாள் அதை நேரே அடுப்பில் ஏற்றாதீர்கள். குளிர்ந்த சட்டி தீயில் விரிசல் விடும். ஒரு மணி நேரம் வெளியே வைத்து, பிறகு இளந்தீயில். ஒரு தடவைதான் சுட வைக்கலாம்.

மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, தோலோடு இரண்டரை கிலோ. இதை மட்டும் முன்கூட்டி வாங்கக்கூடாது. பிடுங்கி இரண்டு நாள் ஆனால் உள்ளே நீலக்கறுப்புக் கோடு ஓடிவிடும், வேகாது. ஒடித்துப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று, ஈரமாக ஒடிய வேண்டும். முதலில் கிழங்கு மூழ்க நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுங்கள். கிழங்கின் நச்சும் கசப்பும் அதில் போகும். மறு தண்ணீரில் உப்பிட்டு வேகவைத்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய், பூண்டு, மஞ்சள் சதைத்துப் போட்டு மசித்தால் முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. மசித்த கிழங்கு சூடான பாத்திரத்தில் ஒரு மணி நேரம் மெத்தென்று இருக்கும், அதற்குமேல் இறுகும். இறுகினால் கால் டம்ளர் வெந்நீர் தெளித்துக் கிளறுங்கள்.

இதில் இரண்டு குறை. இருட்டில் சாப்பிட ஆகாது. விளக்கு எரியும்போது சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் படத்தைத் தொடங்க வேண்டும். அடுத்தது, படம். கதாநாயகன் காளி கையை இழந்த பிறகு கதை கனக்கும். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் நெளிவார்கள், பாதியில் தூங்கியும்விடுவார்கள். பெரியவர்கள் மட்டும் என்றால் ஐந்து வழிகளிலும் இதுவே முதல்.

மூன்றாம் வழி: ‘ஹோம் அலோன்’, பீட்சா

பிள்ளைகளிடம் கேட்டால் ஒரே பதில் இதுதான். 1990-ல் வந்த அமெரிக்கப் படம், சிகாகோ பக்கத்து வீடொன்றில் கிறிஸ்துமஸ் நேரத்தில் நடக்கும் கதை. படம் தொடங்கிய சற்று நேரத்திலேயே பீட்சா சண்டை வந்துவிடும்: சிறுவன் கெவினுக்குப் பிடித்த வெறும் சீஸ் பீட்சாவை மற்றவர்கள் தின்று தீர்த்துவிடுகிறார்கள். பிறகு தனியாக இருக்கும்போது தனக்கு மட்டும் ஒன்று வரவழைக்கிறான். சாப்பாடு முதலிலேயே வருவதால், படம் போட்டதும் தட்டை நீட்டிவிடலாம். ஒரு கையால், பார்க்காமல் சாப்பிடலாம். 103 நிமிடம்தான் ஓடும். நம் மூன்று கேள்விகளில் இரண்டுக்கு முழு மதிப்பெண்.

முதல் கேள்வியில்தான் சறுக்கல். வீட்டு மின் அடுப்பில் (ஓவனில்) ஒரு நேரத்தில் ஒரு வட்டப் பீட்சாதான் வேகும். ஒன்றுக்குப் பதினான்கு நிமிடம், எட்டுப் பேருக்கு நான்கு, எடுப்பதும் வைப்பதும் சேர்த்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். கெவின் திருடர்களுக்குப் பொறி வைக்கும் நேரத்தில் உங்கள் வீட்டில் ஒருவர் கையுறையோடு அடுப்பின் முன் நிற்பார்.

இதைத் தவிர்க்க, வட்டத்தை விட்டுவிட்டு அடுப்போடு வந்த செவ்வகத் தட்டிலேயே போடுங்கள். மைதா 800 கிராம், உப்பு மூன்று தேக்கரண்டி, சர்க்கரை இரண்டு தேக்கரண்டி, உலர் ஈஸ்ட் இரண்டு தேக்கரண்டி, எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, இளஞ்சூடான தண்ணீர் 500 மில்லி. மாவு கையில் லேசாக ஒட்ட வேண்டும், பரோட்டா மாவுபோல இறுகினால் பீட்சா பிஸ்கட் ஆகும். புத்தகங்களும் வீடியோக்களும் இரண்டு மணி நேரம் புளிக்கச் சொல்வது குளிர்ந்த ஊர்க் கணக்கு. நாகர்கோவிலில் டிசம்பரிலும் ஒரு மணி நேரத்தில் மாவு இரட்டிக்கும். இரண்டு மணி நேரம் விட்டால் கள் வாடை வரும், தட்டில் பரப்பும்போது கிழியும்.

மாவை இரண்டு தட்டாகப் பரப்பி, மேலே ஒன்றும் போடாமல் 220 டிகிரியில் ஏழு நிமிடம் அரைவேக்காடு செய்து மதியமே எடுத்து வைத்துவிடுங்கள். சாயங்காலம் தக்காளிச் சாறு தடவி, மொசரெல்லா 500 கிராம் துருவிப் போட்டு, தட்டுக்குப் பத்து நிமிடம். முதல் தட்டு படத்துக்கு முன்பே தயார். இரண்டாவது படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில். ஒரு தடவை எழுந்தால் போதும். தக்காளிச் சாற்றைத் தண்ணீர் வற்றக் காய்ச்ச வேண்டும். காய்ச்சாத தக்காளியை அரைத்துத் தடவினால் நடுவில் மாவு வேகாமல் சொதசொதக்கும். ஒரு தட்டு கெவினுக்காக வெறும் சீஸ், மற்றதில் பெரியவர்களுக்குப் பச்சை மிளகாயும் உள்ளியும் மிளகுப்பொடி போட்டுப் பிரட்டிய கோழியும்.

மின்சாரக் கணக்கு ஒன்று உண்டு. 1500 வாட் அடுப்பு ஆறரை ஆம்பியர் இழுக்கும். டி.வி. செருகிய அதே நீட்டிப்புப் பெட்டியில் அதைச் செருகினால் பெட்டி சூடாகி உருகும், அல்லது டிரிப் ஆகிப் படமும் நின்றுபோகும். 16 ஆம்பியர் பிளக் உள்ள இடத்தில்தான் வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் எட்டிப் பார்க்கும். மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் டி.வி.யைத் தாங்கும், அடுப்பைத் தாங்காது. அப்படி நடந்தால் அரைவேக்காட்டுப் பீட்சாவைத் துண்டாக்கித் தோசைக்கல்லில் மூடி போட்டு இளந்தீயில் ஆறு நிமிடம் வைத்தால் சீஸ் உருகிவிடும். மேலே சிவக்காது, அவ்வளவுதான். மதியமே அரைவேக்காடு செய்து வைப்பதில் இந்தப் பாதுகாப்பும் இருக்கிறது.

கடையில் வாங்கிவிடலாமே என்றால், வாங்கலாம். 24-ம் தேதி மாலையில் மட்டும் வேண்டாம். கேக் வாங்க வரும் கூட்டத்தில் பேக்கரிகள் திணறும், சொன்ன நேரத்துக்குக் கிடைக்காது. ஆச்சிக்கும் தாத்தாவுக்கும் நான்கு இடியாப்பமும் சொதியும் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். சீஸ் இழுபடுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள், சாப்பிட மாட்டார்கள்.

நான்காம் வழி: ‘ராட்டடூயி’, காய்கறித் தட்டு

சமையல் படம் என்று தேடினால் எல்லாப் பட்டியலிலும் முதலில் நிற்பது 2007-ல் பிக்ஸார் எடுத்த இந்த எலிக் கதை. படம் அருமை. விருந்தாக இது தோற்கும். பாரிஸ் உணவு விமர்சகர், படத்தின் பெயரையே கொண்ட காய்கறிப் பதார்த்தத்தில் ஒருவாய் சாப்பிட்டுத் தன் பிள்ளைப் பருவத்துக்குப் போகும் காட்சி படம் முடியும் தறுவாயில் வருகிறது. 111 நிமிடப் படத்தில் ஒன்றரை மணி நேரம் எல்லாரும் காய வேண்டும். வந்த பிறகும் அது வட்ட வட்டமாக அடுக்கிய கத்தரிக்காயும் தக்காளியும்தான். கத்தரிக்காயைப் பார்த்து முகம் சுளிக்கும் பிள்ளைக்கு எலியே வந்து சமைத்துக் கொடுத்தாலும் பலன் கிடையாது.

செய்தே தீருவேன் என்பவர்களுக்கு: சுக்கினி கிடைக்காவிட்டால் வெள்ளரியைப் போடாதீர்கள், தண்ணீர் விட்டுத் தட்டு குளமாகும். தடியங்காயும் (வெள்ளைப் பூசணி) அப்படியே. கையளவு தடிமனுள்ள இளம் பீர்க்கங்காய் தோல் சீவிப் போடலாம். எல்லாம் 3 மில்லிமீட்டர் கனம், உப்புத் தூவி இருபது நிமிடம் வைத்துப் பிழிந்து, கீழே வதக்கிய தக்காளி, குடைமிளகாய் பரப்பி அடுக்க வேண்டும். மேலே தாள் மூடி 180 டிகிரியில் ஐம்பது நிமிடம், தாளை எடுத்துப் பதினைந்து. படம் தொடங்கி இருபத்தைந்தாம் நிமிடம் அடுப்பில் வைத்தால், விமர்சகர் கரண்டியை எடுக்கும்போது உங்கள் தட்டும் வரும். இதில் ஓர் அழகு இருப்பதை மறுக்க முடியாது. ஆனால் வயிறு நிறைய வேறு சாப்பாடு முன்பே கொடுத்திருக்க வேண்டும். ஆகவே இது விருந்து ஆகாது, விருந்துக்குப் பிந்திய ஒரு வேடிக்கை.

ஐந்தாம் வழி: படத்தை விட்டுவிட்டுக் கொட்டகையைப் பிடிப்பது

எந்தப் படம் என்று வீட்டில் ஒத்துப்போகாவிட்டால் சாப்பாட்டைப் படத்தோடு கட்டாமல் தியேட்டர் இடைவேளையோடு கட்டலாம். எந்தப் படத்துக்கும் பொருந்தும். நம் மாவட்டத்துக்கே உரிய பழைய படம் வேண்டுமானால், ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் படம் ஒன்றைப் போடுங்கள். மூத்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். மதுவிலக்கைப் பேசும் ‘நல்லதம்பி’ (1949) என்றால் பன்னீர் சோடா கொடுப்பதற்கு ஒரு காரணமும் கிடைத்துவிடும்.

கிறிஸ்துமஸ் அன்று இரவுக்கு மற்ற நான்கையும்விட இதுவே பொருத்தம். மதியம் பிரியாணியோ இறைச்சிக் கறியோ சாப்பிட்ட வயிற்றில் இரவில் பெரிய சாப்பாட்டுக்கு இடமிருக்காது. முந்திரிக்கொத்து, அச்சப்பம், கேக் எல்லாம் வீட்டு டப்பாக்களில் ஏற்கெனவே இருக்கும். கூட வேண்டியது சூடாக ஒன்று, உறைப்பாக ஒன்று, கையில் கொறிக்க ஒன்று.

சூட்டுக்கும் உறைப்புக்கும் ரசவடை. பட்டாணிப் பருப்பு அரைக்கிலோவை மூன்று மணி நேரம் ஊறவைத்து, ஒரு பிடியை முழுசாக எடுத்து வைத்துவிட்டு மீதியைத் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்து, இரண்டையும் சேர்த்துத் தட்டினால் முப்பது சின்ன வடை வரும். மையாக அரைத்தால் ரசத்தில் வடை ஊறாது, உள்ளே உலர்ந்தே கிடக்கும். மாலையிலேயே பொரித்து வைத்துவிட்டு, இடைவேளைக்கு அரைமணி நேரம் முன்னால் கொதிக்கும் ரசத்தை அதன்மேல் ஊற்றி மூடுங்கள். ஆறிய ரசத்தில் போட்டால் வடை கல்லாகவே இருக்கும். தட்டில் கொடுக்காமல், டம்ளரில் கரண்டி போட்டுக் கொடுங்கள். பாயில் ரசம் சிந்தினால் அந்த மணம் இரண்டு நாள் போகாது.

ஏத்தம்பழ பஜ்ஜி பலருக்கு ஆசை. ஆனால் அது அடுப்பிலிருந்து வாய்க்குப் போனால்தான் பஜ்ஜி, பொரித்து வைத்தால் பத்து நிமிடத்தில் துவண்டுவிடும். பொரிக்கும் சத்தமும் எண்ணெய்ப் புகையும் கூடம் வரை வரும். சமைப்பவரைப் படத்திலிருந்து பிரிப்பதில் இதற்கு இணை கிடையாது என்பதால் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதே நல்லது. அதற்குப் பதில் ஏத்தங்காய் சிப்ஸ், வறுத்த கப்பலண்டி (நிலக்கடலை), பாப்கார்ன்.

பாப்கார்ன் சோளம் 200 கிராம், இரண்டு தடவையாக. ஐந்து லிட்டர் பாத்திரத்தில் தேங்காய் எண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை மஞ்சள், மூன்று சோள மணி மட்டும் போட்டு மூடுங்கள். மூன்றும் வெடித்த பிறகு மீதியைக் கொட்ட வேண்டும். மூடியை ஒரு நூல் அளவு விலக்கியே வையுங்கள். ஆவி வெளியேறாவிட்டால் பொரி ரப்பர்போல இழுபடும். உப்பை மிக்ஸியில் மாவாக்கித் தூவினால்தான் ஒட்டும், கல்லுப்பும் தூளுப்பும் பாத்திரத்தின் அடியில் தங்கிவிடும்.

இந்த வழியில் ஒரே நிபந்தனை, இடைவேளை உண்மையிலேயே இருக்க வேண்டும். படத்தைப் பாதியில் நிறுத்தி, விளக்கைப் போட்டு, பதினைந்து நிமிடம் விடுங்கள். சாயா போடுபவருக்கும் அது போதும். பால் நான்கு டம்ளரை முன்பே காய்ச்சி ஃபிளாஸ்கில் வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடியும். மூத்தவர்களுக்குச் சுக்குக் காப்பி.

எதை எடுப்பது?

பிள்ளைகளே அதிகம் என்றால் செவ்வகத் தட்டுப் பீட்சா, கூடவே இடியாப்பம். மாலை போட்ட வீடு என்றால் புளியோதரை. கிறிஸ்துமஸ் இரவென்றால் கொட்டகை. பெரியவர்கள் மட்டும், 27-ம் தேதிக்குப் பிறகு, நல்ல மீன் கையில் கிடைத்தால் வேறெதையும் யோசிக்க வேண்டாம். செலவில் நெய்மீனும் மொசரெல்லாவும்தான் கையைக் கடிப்பவை; புளியோதரையும் கொட்டகையும் அதில் பாதிகூட ஆகாது.

மொட்டை மாடியில் புரொஜெக்டர் வைக்கும் ஆசை எதற்கும் பொதுவாக வரும். டிசம்பரில் ஆறரை மணிக்கே நன்றாக இருட்டிவிடும் என்பது வசதி. ஆனால் கடற்காற்று வேட்டித் திரையைப் பாய்மரமாக்கும், ஒன்பது மணிக்குமேல் பனி இறங்கும், மழை சொல்லிக்கொண்டு வராது. திரையின் அடிவிளிம்பில் ஒரு மூங்கிலைக் கோத்துக் கட்டினால் காற்று தாங்கும். மற்ற இரண்டுக்கும் கூடத்துக்கு இறங்கி வரத் தயாராக இருங்கள்.

எந்த வழி ஆனாலும் முந்திய நாள் இரவே படத்தை ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். செயலியில் அது இருக்கிறதா, தமிழ் ஒலி உண்டா, இல்லாவிட்டால் எழுத்தாவது வருகிறதா, ஆச்சி உட்காரும் இடத்திலிருந்து அந்த எழுத்து தெரிகிறதா என்று. தட்டுகளை ஊறப்போட ஒரு பெரிய வாளித் தண்ணீரைப் பின்வாசலில் வைத்துவிட்டே படத்தைத் தொடங்குங்கள். காய்ந்த சீஸையும் புளிக்காய்ச்சல் எண்ணெயையும் நடுராத்திரியில் தேய்த்துக் கழுவுவது, அன்றைக்குச் சமைத்தவர் வேலையாக இருக்கக்கூடாது.